வடமீன் காண ஒரு தொலைநோக்கி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் ஆண்டின் நினைவாக நம் வட்டத்து நூலகத்திற்கு நிலைத்த பொருளொன்று வாங்குவதெனச் செயற்குழு முடிவு செய்ததை அறிவீர்கள். வெண்கலக் குத்துவிளக்கு வாங்கலாம் என்றனர் சிலர். கண்ணாடி அலமாரி வாங்கலாம் என்றனர் வேறு சிலர். தொலைநோக்கி ஒன்று வாங்கலாம் என்று நான் கூறியபோது, "இலக்கிய வட்டத்திற்குத் தொலைநோக்கி எதற்கம்மா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் வினவினார். நியாயமான வினாவே. அதற்கு விடை கூறவும், வாங்குவதாயின் எத்தகையதை வாங்குவது என்று விளக்கவும் செயலாளர் அவர்கள் எனக்கு இம்மேடையைத் தந்துள்ளார்கள். இயற்பியல் துறையினர் பேச வேண்டிய பொருளைத் தமிழ் விரிவுரையாளர் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் எழலாம். சிறிய தொலைநோக்கி ஒன்றுடன் வீட்டு மொட்டை மாடியில் பல்லாண்டுகள் கழித்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன்.

நம் பாடநூல்களில் வானம் எங்கும் நிறைந்து கிடக்கிறது. விண்மீன் ஒன்று எரிந்து வீழக் கண்டு, சேர மன்னனுக்கு நேரவிருக்கும் கேட்டினை எண்ணிக் கூடலூர் கிழார் அஞ்சியதைப் புறநானூற்றின் 229ஆம் பாட்டு கூறுகிறது. வையையில் புதுப்புனல் பெருகிய நாளில் எந்தக் கோள் எந்த இராசியில் நின்றது என்பதைப் பரிபாடலின் 11ஆம் பாட்டு வரிசைப்படுத்துகிறது. வெள்ளி திசைமாறித் தெற்கே சென்றாலும் காவிரி பொய்யாது என்ற கருத்துடன் பட்டினப்பாலை தொடங்குகிறது. நெடுநல்வாடையின் அரசி தன் கட்டிலுக்கு மேலே எழுதப்பட்ட திங்களையும் உரோகிணியையும் பார்த்துப் பெருமூச்செறிகிறாள். இவற்றையெல்லாம் நாம் கற்பிக்கிறோம். நாள்மீன் யாது, கோள்மீன் யாது என்று தேர்வில் வினாவும் எழுப்புகிறோம். ஆயினும் முன்னிரவில் மாணவரை வெளியே அழைத்து, "இவற்றுள் வியாழன் எது?" என்று கேட்டால் மாணவரும் விழிப்பர், ஆசிரியரும் விழிப்பர். உரையாசிரியர்கள் வானத்தைப் பார்த்து எழுதினார்கள். நாம் உரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே தொலைநோக்கி வேண்டும் என்பது என் கருத்து. இனி, எத்தகையது என்பதற்கு வருகிறேன்.

தொலைநோக்கிகள் பொதுவாக இருவகைப்படும். முன்புறத்து வில்லையால் ஒளியை வளைத்துக் குவிப்பது ஒருவகை. இதனை ஒளிவிலகல் தொலைநோக்கி என்பர். குழலின் அடியிலுள்ள குழியாடியால் ஒளியைத் திருப்பிக் குவிப்பது மற்றொரு வகை. பெருந்தொலைநோக்கிகள் யாவும் இன்று ஆடியால் ஆனவையே. 1986இல் காவலூரில் தொடங்கிவைக்கப்பட்ட வைணு பாப்பு தொலைநோக்கியும் 2.34 மீட்டர் ஆடி கொண்டது. வில்லையை விளிம்பில் மட்டுமே தாங்கிப் பிடிக்க முடியும் என்பதால், அளவு பெருகப் பெருகத் தன் எடையாலேயே அது வளைந்துவிடும். 1897இல் அமெரிக்காவின் யெர்க்ஸ் வானாய்வகத்தில் அமைந்த 102 சென்டிமீட்டர் வில்லையோடு அந்த வளர்ச்சி நின்றுபோயிற்று. அதே விலைக்கு ஆடிவகை வாங்கினால் அகலமான குழல் கிடைக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இருந்தும் நம் போன்ற அமைப்பிற்கு வில்லைவகையே ஏற்றது என்பேன். ஆடிகளை அவ்வப்போது திருகாணி கொண்டு நேர்ப்படுத்த வேண்டும். பலர் கைமாறும் கருவியில் அதனைச் செய்வார் யார்? கடற்காற்று வீசும் நம் ஊரில் ஆடியின் அலுமினியப் பூச்சும் விரைவில் மங்கும். வில்லைத் தொலைநோக்கியோ மூடிய குழல். எடுத்தால் பார்க்கலாம், பார்த்தால் வைக்கலாம். பகலில் கோபுரத்துச் சுதைச் சிற்பத்தையும் அதனால் காணலாம் என்பது கூடுதல் பயன்.

இவ்வகையின் இயல்பான குறையொன்று உண்டு. கண்ணாடி ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் அளவில் வளைப்பதால், ஒற்றை வில்லையில் பார்த்தால் ஒளிமிக்க பொருளைச் சுற்றி வண்ண விளிம்பு தோன்றும். இதனை நிறப்பிறழ்ச்சி என்பர். 1609-10இல் கலிலியோ பயன்படுத்திய, ஏறத்தாழ இருபது மடங்கு பெருக்கிக் காட்டிய குழலில் இக்குறை இருந்தது. இதற்கு மாற்றுக் கண்ட வரலாறு சுவையானது. செஸ்டர் மூர் ஹால் என்ற ஆங்கிலேயர் வழக்கறிஞர். வானியல் அவருக்கு ஓய்வுநேர ஈடுபாடு. இருவேறு கண்ணாடிகளால் செய்த இரு வில்லைகளை இணைத்தால் நிறங்கள் ஒன்றுகூடும் என்று அவர் 1730ஐ ஒட்டிய ஆண்டுகளில் கண்டறிந்தார். மறைபொருள் வெளிப்பட்டுவிடக் கூடாதென ஒரு வில்லையை ஒரு கடையிலும், மற்றதை வேறொரு கடையிலும் செய்யக் கொடுத்தார். இரு கடைக்காரரும் அவ்வேலையை ஜார்ஜ் பாஸ் என்ற ஒரே கைவினைஞரிடம் அனுப்பிவிட்டனர் என்பர்! ஒருவர்க்கே உரியவை இரண்டும் என்றறிந்த அவர், இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். ஹால் அதனை வெளியிடவேயில்லை. ஜான் டாலண்ட் என்பவர் 1758இல் காப்புரிமை பெற்று உலகிற்கு வழங்கினார். பின்னர் 1766இல் வழக்கு நடந்தபோது, முதலில் கண்டவர் ஹால் என்பது நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டப்பட்டது. கண்டதைத் தன் மேசைக்குள் பூட்டி வைத்தவர்க்கு அல்லாமல், மக்களிடம் கொண்டு சேர்த்தவர்க்கே பயன் உரியது என்னும் கருத்தில் நீதிபதி தீர்ப்பளித்தார். அவ்விணைவில்லையைக் கடைக்காரர் இன்றும் 'அக்ரோமேட்' என்றே சொல்வர். நாம் வாங்குவது அதுவாக இருத்தல் கட்டாயம்.

இணைவில்லையாலும் நிறப்பிறழ்ச்சி முற்றும் நீங்குவதில்லை. குழல் நீண்டால் குறையும், குட்டையானால் மிகும். எண்பது மில்லிமீட்டர் விட்டமும் நானூறு மில்லிமீட்டர் குவியத் தொலைவும் கொண்ட குட்டைக் குழல் கைக்கு அடக்கமானது. கார்த்திகைக் கூட்டம் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும். ஆனால் வியாழனை அதில் நோக்கினால் ஊதாப் படலம் சூழ்ந்திருக்கும். அதே விட்டத்திற்குத் தொள்ளாயிரம் மில்லிமீட்டர் நீளம் கொண்டால் படலம் பொறுத்துக்கொள்ளும் அளவிற்குக் குறைந்துவிடும். சிறப்புக் கண்ணாடியால் செய்த 'இ.டி.' வில்லைகள் குட்டையாகவும் தூயனவாகவும் இருக்கும். அவற்றின் விலை பல மடங்கு. நம் நிதிநிலையைப் பொருளாளர் அறிவார். எண்பது அல்லது தொண்ணூறு மில்லிமீட்டர் விட்டம், தொள்ளாயிரம் மில்லிமீட்டர் குவியத் தொலைவு என்பதே என் பரிந்துரை. இளமையில் கண்மணி இருளில் ஏறத்தாழ ஏழு மில்லிமீட்டர் விரிகிறது எனக் கொண்டால், எண்பது மில்லிமீட்டர் வில்லை அதனைப்போல் 130 மடங்கு ஒளியைத் திரட்டும். தொண்ணூறு எனில் 165 மடங்கு.

இங்கு ஓர் எச்சரிக்கை. கடைகளில் "525 மடங்கு பெருக்கம்" என்று அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அச்சிட்ட தொலைநோக்கிகளைக் காணலாம். அந்த எண் எவ்வாறு வந்தது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பெருக்கம் என்பது பொருளருகு வில்லையின் குவியத் தொலைவைக் கண்ணருகு வில்லையின் குவியத் தொலைவால் வகுத்து வருவது. எழுநூறை நான்கால் வகுத்தால் 175. அதன்மேல் மும்மடங்கு 'பார்லோ' வில்லை ஒன்றைச் செருகினால் 525. கணக்கு பொய்யன்று, காட்சிதான் பொய். ஒரு மில்லிமீட்டர் விட்டத்திற்கு இரண்டு மடங்கு என்பதே பயனுள்ள பெருக்கத்தின் எல்லை. அறுபது மில்லிமீட்டர் குழலில் 120ஐத் தாண்டினால் படிமம் பெரிதாகும், தெளிவு பெரிதாகாது. ஏடு பெயர்த்தெழுதுவோர் உருப்பெருக்கியை அளவுமீறி உயர்த்தினால் எழுத்து கலங்குவதை நம் சுவடித்துறை நண்பர்கள் அறிவர். பெருக்கத்தை முன்வைத்து விற்கப்படும் கருவியைத் தொடாமல் வந்துவிடுவதே நலம். அத்தகைய மலிவுக் குழல்கள் சிலவற்றில் வில்லையின் விளிம்புக் குறையை மறைக்க உள்ளே ஒரு வளையத் தடுப்பை வைத்து, எழுதப்பட்ட விட்டத்தில் பாதியையே பயன்பட விட்டிருப்பதும் உண்டு.

வாங்குமுன் சோதிக்கும் வழியும் எளிது. பகலில் வெளிர்வானத்தின் எதிரே தெரியும் மின்கம்பம் ஒன்றை நோக்குக. கரிய விளிம்பில் ஊதாவும் மஞ்சளும் எவ்வளவு கசிகின்றன என்பது புலப்படும். இரவில் உச்சிக்கு அருகிலுள்ள விண்மீன் ஒன்றைக் குவியத்திலிருந்து சற்று விலக்கி நோக்குக. அது வட்ட வளையங்களாக விரிய வேண்டும். முட்டை வடிவிலோ முக்கோணமாகவோ விரிந்தால் வில்லை சரியாகப் பொருத்தப்படவில்லை.

கண்ணருகு வில்லையைக் கடையில் 'ஐபீஸ்' என்பர். ஒன்றேகால் அங்குலக் குழாயில் பொருந்துவதாகவே கேளுங்கள். பழைய சிற்றளவுக் குழாய்க்கு நல்ல வில்லைகள் கிடைப்பது அரிது. 'பிளாசல்' அமைப்பில் இருபத்தைந்து மில்லிமீட்டரில் ஒன்றும் பத்து மில்லிமீட்டரில் ஒன்றும் போதும். முன்னது 36 மடங்கும் பின்னது 90 மடங்கும் தரும். கூடவே வரும் நான்கு மில்லிமீட்டர் வில்லையைப் பெட்டியிலேயே விட்டுவிடலாம். மூக்குக்கண்ணாடி அணிந்தோர் நம்முள் பலர். கிட்டப்பார்வையும் தூரப்பார்வையும் உடையோர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத் திருகைச் சரிசெய்துகொண்டால் போதும். சிதறல் பார்வை உடையோர்க்கு அது இயலாது. அவர்கள் இருபத்தைந்து மில்லிமீட்டர் வில்லையிலேயே பார்ப்பது வசதி. பத்து மில்லிமீட்டரில் இமை வில்லையைத் தொடுமளவு நெருங்க வேண்டியிருக்கும். குழலின் பின்னே ஒளியைச் செங்கோணத்தில் திருப்பும் 'டயகனல்' என்ற துணைக்கருவியும் வேண்டும். அது இல்லாமல் உச்சிவானைப் பார்க்க முயன்றால் தரையில் மல்லாந்து படுக்க நேரும். நம் மூத்த உறுப்பினர்களின் முழங்கால்களை எண்ணி, உயரம் மாற்றத்தக்க முக்காலி நாற்காலி ஒன்றையும் பட்டியலில் சேர்த்திருக்கிறேன்.

பணத்தில் பெரும்பகுதியை வில்லைக்கே செலவிட வேண்டும் என்று எண்ணுவோர் தாங்கியை மறந்துவிடுவர். தொண்ணூறு மடங்கு பெருக்கத்தில் காற்றின் அசைவும் தொண்ணூறு மடங்கு பெருகும். குழலை விரலால் ஒருமுறை தட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று நொடிகளில் படிமம் அடங்க வேண்டும். பத்து நொடி ஆடுமாயின் அந்தக் கருவியால் ஒருவரும் எதையும் காணப்போவதில்லை. நான் அறிந்த கல்லூரி ஒன்றில் இப்படி ஆடும் கால்களோடு வாங்கப்பட்ட தொலைநோக்கி ஒன்று, திறப்புவிழா அன்று நிலவைக் காட்டிவிட்டு அலமாரிக்குள் புகுந்தது. மீண்டும் வெளிவரவேயில்லை.

தாங்கியைப் பற்றி நூல்களில் படிப்பதை நம் நாட்டிற்கு அப்படியே கொள்ள இயலாது. மேலை நாட்டு நூல்கள் பெரும்பாலும் 'இக்குவடோரியல்' தாங்கியைப் புகழ்கின்றன. அதன் ஓர் அச்சைத் துருவமீனை நோக்கித் திருப்பிவிட்டால், ஒரே திருகால் விண்மீனைப் பின்தொடரலாம் என்பது அதன் சிறப்பு. ஆனால் துருவமீன் நம் ஊரின் குறுக்குக்கோட்டு அளவு உயரத்தில்தான் நிற்கும். இலண்டனில் 51 பாகை உயரத்தில் நிற்பது, சென்னையில் 13 பாகை, மதுரையில் 10, குமரிமுனையில் 8. பெரும்பாலும் தென்னைக்கும் மாடிவீட்டிற்கும் பின்னே அது மறைந்திருக்கும். அச்சினை அவ்வளவு தாழ்த்தச் சில தாங்கிகளின் அளவுகோலே இடந்தராது. தாழ்த்தினாலும் எடைக்கட்டை முக்காலியின் காலில் முட்டும். மேலும் கீழும், இடமும் வலமும் அசையும் எளிய தாங்கியே நமக்கு ஏற்றது. அதில் நுண்ணசைவுத் திருகு இருத்தல் நன்று. கால்களின் நடுவே மணல் நிரப்பிய பை ஒன்றைத் தொங்கவிட்டால் ஆட்டம் இன்னும் அடங்கும்.

தெற்கே இருப்பதால் நாம் இழப்பது துருவமீனின் உயரம் மட்டுமே, பெறுவது மிகுதி. அகத்தியர் என்று நாம் அழைக்கும் விண்மீன் இலண்டன் மக்களுக்கு ஒருபோதும் உதிப்பதில்லை. சித்திரை வைகாசி இரவுகளில் நம் தென்வானில் எழும் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் திரளும் அவ்வாறே. முப்பத்தாறு மடங்கில் அது பஞ்சுருண்டை போல் ஒளிரும். ஆல்பா சென்டாரி இரட்டை மீனாகப் பிரியும்.

இதே மாதங்களில் முன்னிரவில் வடக்கே திரும்பினால் ஏழுமுனிவர் கூட்டத்தைக் காணலாம். அங்கே இருக்கிறது நம் வடமீன். கண்ணகியின் கற்பிற்கு இளங்கோவடிகள் ஒப்பிட்டது அதனையே. திருமணத்தில் அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் மணமக்கள் பட்டப்பகலில் மண்டபத்துக் கூரையை அண்ணாந்து பார்ப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். அவ்விண்மீனை இரவில் ஒருமுறையேனும் கண்ட தம்பதியர் இவ்வவையில் எத்தனை பேர்? நல்ல பார்வையுடையோர்க்கு வசிட்டனின் அருகே அருந்ததி வெறுங்கண்ணுக்கே தெரிவாள். நாம் வாங்கவிருக்கும் குழலில் முப்பத்தாறு மடங்கில் இருவரும் ஒரே பார்வையில் அடங்குவர். அத்தோடு இன்னொன்றும் தெரியும். வசிட்டன் என்று ஒன்றாகக் கண்ட மீன் தானே இரண்டாகப் பிரியும். காஸ்டெல்லி கூற, கலிலியோ 1617இல் இதனை நோக்கியிருக்கிறார். அருந்ததிக்கு இதனால் மனக்குறை உண்டாகுமோ என நகைக்க வேண்டா. அருந்ததியும் இரட்டை மீனே என்று 2009இல் கண்டறிந்தனர்!

கார்த்திகையை நம் முன்னோர் அறுமீன் என்றனர். 1610இல் கலிலியோ அங்கு முப்பத்தாறு மீன்களை வரைந்தார். இதனால் அறுமீன் என்ற சொல் பொய்யாவதில்லை. வெறுங்கண்ணால் எண்ணிய நேர்மை அச்சொல்லில் இருக்கிறது என்பது குழலில் பார்த்தபின் நன்கு விளங்கும். வெள்ளி பிறைபோல் தேய்வதும், வியாழனின் நான்கு நிலவுகள் இரவுக்கிரவு இடம் மாறுவதும் இச்சிறு கருவிக்கு எளிய காட்சிகள். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு நோக்கி நின்று மறைந்தது; ஆண்டுக்காண்டு அகன்று 2032ஐ ஒட்டி நன்கு விரிந்து தோன்றும். ஒன்றை மட்டும் முன்னரே சொல்லிவிட வேண்டும். நூல்களிலும் கைப்பேசியிலும் காணும் வண்ணப் படங்களைக் குழலில் எதிர்பார்த்து வருவோர் ஏமாறுவர். ஓரியன் விண்முகில் சாம்பல் நிறப் புகைபோல்தான் தெரியும். அப்புகைக்கு நடுவே நான்கு மீன்கள் நெருங்கி நிற்பதைக் காணப் பொறுமை வேண்டும்.

பகலவனை மட்டும் எந்நிலையிலும் குழல்வழி நேரே நோக்கலாகாது; ஒரு நொடியில் கண் போய்விடும். கண்ணருகு வில்லையில் திருகும் கறுப்புக் கண்ணாடியைச் சிலர் இன்றும் விற்கின்றனர். வெப்பத்தில் அது வெடிக்கும். கிடைத்த அன்றே உடைத்தெறிக. குழலின் முன்வாயை முழுதும் மூடும் வடிகட்டியே காப்பானது.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரியாரை இங்கு நினைவுகூர வேண்டும். 1867இல் ஒளிமாறும் மீனொன்றைக் கண்டறிந்த அவர், 1874இல் வெள்ளி பகலவனைக் கடக்கும் நிகழ்ச்சியை மக்களுக்கு விளக்கச் சிறுநூல் எழுதி, அதனை நம் நாட்டு மொழிகளிலும் வெளிவரச் செய்தார். கண்டதை மக்கள் மொழியில் சொல்வதும் வானாய்வாளர் கடமை என்று அவர் கருதியிருக்க வேண்டும். தமிழில் அதைச் செய்யச் சொல் இல்லை என்போர்க்கு இவ்வுரையையே விடையாகத் தருகிறேன். ஐபீஸ் என்றும் டயகனல் என்றும் நான் சொன்னவை கடைக்காரர்க்காக.

காப்பு பற்றிச் சில சொற்கள். நம் ஊர் ஈரத்தில் வில்லையின் பகை பூஞ்சை. ஓலைச்சுவடிக்கு எண்ணெய் பூசிக் காத்ததுபோல் இதற்கும் ஒரு முறை உண்டு. காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா மணிகளோடு வைக்க வேண்டும். நீல மணிகள் வெளிறிச் சிவந்தால் வாணலியில் இலேசாகச் சூடாக்கி மீண்டும் இடலாம். பனி படிந்த வில்லையை மூடிப் பெட்டியில் இடுதல் கூடாது. உலர்ந்த பின்னரே மூட வேண்டும். சேலைத் தலைப்பாலோ வேட்டி நுனியாலோ துடைப்பதை அடியோடு விலக்குக. பகலெல்லாம் வெயிலுண்ட மொட்டை மாடி இரவு ஒன்பது மணிவரை அனல் கக்கும்; அதுவரை கோள்கள் நீருக்கடியில் கிடப்பவைபோல் நெளியும். மண்தரையும் புல்தரையும் மேல். ஐப்பசி கார்த்திகை மழைக்காலம் கழிந்து, தை முதல் சித்திரை வரை நம் வானம் பெரும்பாலும் தெளிந்திருக்கும்.

இறுதியாகச் செயற்குழுவிற்கு ஒரு வேண்டுகோள். நூல் வழங்கும் பதிவேட்டிலேயே தொலைநோக்கிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற உறுப்பினர் எவரும் மூன்று இரவுகளுக்கு அதனை வீட்டிற்கு எடுத்துச் செல்ல இசைவளியுங்கள். வளர்பிறையின் ஏழாம் எட்டாம் நாள்களில் பள்ளி மாணவர்க்கு நிலவைக் காட்டும் பொறுப்பை என் மாணவியர் ஏற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். முழுநிலவில் கண் கூசுமே தவிர மலைகளின் நிழல் தெரியாது. பெட்டியின் சாவி இரண்டு செய்து, ஒன்றைச் செயலாளர் அவர்களும், மற்றதை நூலகத்திற்கு எதிர்வீட்டில் இருந்து இரவு பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும் முகம் சுளிக்காமல் எடுத்துத் தரும் உறுப்பினர் ஒருவரும் வைத்திருக்கட்டும்.